வேலிக்கு அந்தப் பக்கத்து ரயில்

“அந்த விளையாட்டு ரயில் என்ர காணிக்குள்ள ஒரு சாண் வந்தாலும், என்ர பேர் ஆனந்தராஜா இல்லை!”

புலம்பெயர்ந்த தமிழர் கூடும் பென்டில் ஹில் பலசரக்குக் கடையில், வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் ஆனந்தராஜா இப்படிப் பிரகடனம் செய்தார். நுனி முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். சரித்திரம் நிகழும்போது வெண்டிக்காய் காத்திருக்கத்தான் வேண்டும்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர் குடியிருந்த குவேக்கர்ஸ் ஹில்லில் குறுகிய பாதை ரயில்களுக்கு ஏகபோக அதிகாரி அவர். வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் தனியார் கம்பெனிகள் இரண்டரை அடி அகலத்தில் தண்டவாளம் போட்ட கதையைப் பிறந்தநாள் விழாவிலும் செத்தவீட்டிலும் ஒரே உற்சாகத்தோடு சொல்லுவார். போட்ட முதல் குறைவு, ஆகவே பாதை ஒடுக்கம். மலை வந்தால் குடையாமல் வளைந்து போவார்கள். காணிக்காரன் முறைத்தால் அவன் வாசலில் ஒரு நிலையம் கட்டிச் சமாதானமாவார்கள். ஆயுளில் பாதியை மருந்துக்கடையில் குளிசை எண்ணிக் கழித்தவருக்கு இந்த ஞானம்தான் சொத்து.

அந்தச் சொத்தில் கைவைத்தவர் பக்கத்து வீட்டுச் சடகோபன். மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஒரு வருடம் கதை கேட்டுத் தலையாட்டியவர், திடீரென்று தன் வீட்டைச் சுற்றி ஏழேகால் அங்குல அகலத்தில் தண்டவாளமே போட்டுவிட்டார். பட்டரி எஞ்சின், பெட்டிமேல் குதிரை ஏறுவதுபோல் உட்கார வேண்டும். சனிக்கிழமைகளில் ஊரே அங்கேதான். ஆனந்தராஜாவின் கதைக்கு ஆளில்லை.

“எல்லாம் நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அங்கிள்” என்றார் சடகோபன், வேலிக்கு மேலால். ஒரு மனிதனை இதைவிட அவமதிக்க முடியாது.

ஒரே ஆறுதல், ஆனந்தராஜா பக்கத்து மூலையில் வளைவு இறுக்கம். ரயில் அடிக்கடி தடம் புரளும். அந்தச் சத்தம் கேட்ட நாட்களில் அவருக்கு நன்றாகப் பசித்தது.

“உங்க பக்கம் கொஞ்சம் இடம் கிடைச்சா வளைவு சரியாயிடும் அங்கிள்.”

அந்த இடத்தில் குடியிருந்தவை மூன்று குப்பை வாளிகள். ஆனாலும் காணி காணிதானே? அன்று பின்னேரம் பிறந்ததுதான் வெண்டிக்காய்ப் பிரகடனம்.

அடுத்த சனிக்கிழமை மனைவி இரஞ்சிதம் சேலையில் புல்லோடு வந்தாள்.

“எங்கை போட்டு வாறாய்?”

“ரயிலில போட்டு வாறன். உங்களுக்கு எரியுது போல?”

“அது அல்சர்.”

“இனி அந்தத் தம்பி எங்களைக் கேக்கமாட்டாராம். மற்றப் பக்கத்து அருந்தவன் காணி தாறாராம். பாதையை அங்கால திருப்பினம். ஸ்டேஷனும் அவரின்ர பேரிலதானாம்.”

ஆனந்தராஜா கதிரையில் உட்கார்ந்தார். இவர் கார் வாங்கினால் மறுமாதம் அதைவிடப் பெரிய கார் வாங்குகிற அருந்தவன்!

“அவனுக்கு ரயிலெண்டால் என்னெண்டு தெரியுமோ? புகை எங்கால வாறதெண்டு தெரியுமோ?”

“இது பட்டரியப்பா. புகை இல்லை.”

மறுநாள் விடிய, சடகோபன் காபிக் கோப்பையோடு வெளியே வந்தபோது வேலியில் பெரிய இடைவெளி. ஆனந்தராஜா முழங்காலில் நின்று பலகை கழற்றிக்கொண்டிருந்தார். குப்பை வாளிகள் முன் வாசலுக்கு நாடு கடத்தப்பட்டிருந்தன.

“அங்கிள்! நீங்கதான் முடியாதுன்னு...”

“வளைவு பிழை. பார்க்கச் சகிக்கேல்லை. வேற ஒண்டும் இல்லை.”

“அருந்தவன் அங்கிள்கிட்ட பேசிட்டேனே?”

“அவருக்கு முழங்கால் வருத்தம், தம்பி. கரைச்சல் குடுக்காதையுங்கோ.”

புதுப் பாதை ஓடிய முதல் சனிக்கிழமை, ரயில் தடம் புரளாமல் வளைந்து, வாளிகள் நின்ற இடத்தில் நின்றது. அங்கே ஆனந்தராஜா மடிப்புக் கலையாத சட்டையோடு, சடகோபன் கொடுத்த முதலாம் வகுப்பு டிக்கெட்டைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் வேலிப் பலகை ஒன்றை நட்டிருந்தார். இரண்டு பாதை கூடாத இடத்தைச் சந்தி என்று சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் அதில் தன் கையாலேயே, மை காயாத எழுத்தில் எழுதியிருந்தார்: ‘ஆனந்தராஜா சந்தி’.