முப்பத்தொரு நாள் லீவு

மேய்ஸ் ஹில்லில் அத்தான் வீட்டுக் கேட்டடியில் நின்ற தபால்பெட்டியின் தகர மூடி டக்கென்று விழும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நாளுக்கு மூன்று தரம் அதைத் திறப்பார். காலையில் தபால் வராது என்று தெரியும், ஆனாலும் திறப்பார். வேலையால் வந்ததும் திறப்பார். தேத்தண்ணி குடித்த பிறகு மறுபடியும் போய், வெறும் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவுவார். “அதுக்குள்ள என்ன பாம்பே கிடக்கு?” என்று அக்கா குசினிக்குள் இருந்து கத்துவாள். அவர் வந்து கதிரையில் இருப்பார், இரண்டு நிமிடத்தில் எழும்பிவிடுவார்.

அத்தான் ஆஸ்திரேலிய இராணுவத்தில் எட்டு வருடம் லொறி திருத்தியவர். ஊரில் ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்குக் கீழ் ஒளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். மருமகன் இந்த நாட்டு ஆமியில் சேர்ந்ததை அம்மா கடைசிவரை கோயிலில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அத்தானுக்கோ அந்தச் சீருடைமேல் அப்படி ஒரு பெருமை. அதை அக்காவைக்கூட அயன் பண்ண விடமாட்டார்.

யாழ்ப்பாணத்தில் அவருடைய அப்பா இறந்தபோது பத்து நாள் லீவு கொடுத்தார்கள். கொள்ளி வைத்த மூத்த மகன், முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்யாமல் எப்படிப் புறப்படுவது? “முப்பத்தொண்டு முடியாமல் படலை தாண்டாத” என்று தாய் சொல்லிவிட்டார். அத்தான் எனக்குப் போன் எடுத்தார். நான் வெஸ்ட்மீடில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவுப் பகுதியில் வேலை செய்கிறேன். குடும்பத்தில் எல்லாருடைய படிவத்தையும் நிரப்புவது நான்தான். “அந்தியேட்டி எண்டால் வெள்ளைக்காரனுக்கு என்ன விளங்கும்? டெங்கு எண்டு டொக்டரிட்ட ஒரு துண்டு எடுத்துக்கொண்டு வாங்கோ” என்றேன். யோசிக்கவேயில்லை. அதிகாரிக்கு விளங்குகிற காரணத்தை எழுது, மற்றதை வீட்டோடு வைத்துக்கொள் என்பது எனக்குப் பழகிப்போன புத்தி. அதைக் கெட்டித்தனம் என்றும் நினைத்திருந்தேன்.

அவருடைய சித்தப்பாவின் மகன் அந்தியேட்டிப் படங்களை முகநூலில் போட்டான். மொட்டைத் தலையும் வேட்டியுமாகக் கீரிமலைக் கேணியில் மார்பளவு தண்ணீரில் நிற்கிறார் டெங்குக் காய்ச்சல்காரர். கூட வேலை செய்த யாரோ அதைப் பார்த்து மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் சின்னத் தண்டனையோடு முடிந்திருக்கும் என்று அவருடைய அதிகாரியே வருத்தப்பட்டாராம். பொய்ச் சான்று கொடுத்தார் என்று எழுதி, நல்லபேர் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஐந்து வருடம் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, முருகன் கோயில் கார் நிறுத்துமிடத்தில், அந்தப் பதிவை மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கப்போவதாகச் சொன்னார். “காசும் வேண்டாம், வேலையும் வேண்டாம், பிள்ளை. பொய்யன் எண்டு எழுதி வைச்சிருக்கிறாங்கள். அதை மட்டும் எடுத்தால் காணும்.” கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே நான் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். துண்டு எடுக்கச் சொன்னது நான், அவர் எதற்காக அங்கே நின்றார், முப்பத்தோராம் நாள் என்றால் என்ன, எல்லாம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். “உங்கட கேஸே இப்பிடி ஒரு கடிதத்திலதான் நிக்குது” என்று அவர் யோசனை கேட்ட வழக்கறிஞர் சொல்லியிருந்தார். ஒரு கிழமை கழித்து அத்தானிடம் கேட்டேன். “ஓம், விண்ணப்பத்தோட வைச்சு அனுப்பிப்போட்டன்” என்றார். அதற்குப் பிறகுதான் தபால்பெட்டி மூடி ஓயாமல் அடித்தது.

பதினொரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள். பொய்ச் சான்றுக்கு ஏற்கத்தக்க விளக்கம் எதுவும் தரப்படவில்லை என்று இருந்தது. விளக்கம் இல்லையா? ஒரு பக்கம் நிறைய எழுதினேனே என்று நான் கொதித்தேன். அத்தான் பதிலை மடித்து ஃபைலுக்குள் வைத்தார்.

போன வருடம் அவர்கள் வேறு மாநிலத்தில், கிரான்பர்னில், மகள் வீட்டோடு போய் இருக்கப் புறப்பட்டார்கள். சாமான் கட்டும்போது அவருடைய ஃபைலுக்குள் என் கடிதம் இருந்தது. நான் கொடுத்த அதே தாள், மடிப்புக்கூட இல்லாமல். அவருக்கு முன்னால் நீட்டினேன்.

“நீ ஆஸ்பத்திரியில துண்டுகளோட வேலை செய்யிற ஆள்” என்றார். “கள்ளத் துண்டுக்கு வழி சொன்னனான் எண்டு நீயே கையெழுத்து வைச்சால் உன்ர வேலை என்ன ஆகிறது? பொய்யன் எண்டு என்னைப்பற்றி எழுதினது காணும்.”

“உங்களை ஆர் அதைக் கேட்டது?” என்று கத்திவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே இருந்து அழுதேன். பொய்யன் என்ற பேரை அழிக்க வந்தவர் எனக்காக இன்னொரு பொய் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

புதிய சான்று இருந்தால் மறுபடியும் கேட்கலாம் என்று அந்தப் பதிலின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. புது விண்ணப்பத்தில் அவரிடம் கையெழுத்து வாங்க மூன்று மாதம் போனில் சண்டை பிடித்தேன். முதலில் என் மேலாளரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரித்துக் கடிதம் மூலம் அறிவிப்போம் என்றார். பிறகு விண்ணப்பத்தோடு என் கடிதத்தையும் வைத்து, உறையை நானே தபாலில் போட்டேன். பதில் அனுப்பவேண்டிய முகவரி என்று என் வீட்டைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஆக இரண்டு கடிதங்கள் வரவேண்டும், ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. காலையில் தபால் வராது என்று எனக்கும் தெரியும். போய் மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.