புது ரிவால்வரா, பழைய ரிவால்வரா

யாங்கோனில் எடுக்கும் வீடியோ படங்களுக்குச் சாமான் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. 'ப்ராப்பர்ட்டி' என்பார்கள். சவப்பெட்டி கேட்டபோதுகூட நான் அசந்ததில்லை. டைரக்டர் பீட்டர் ரிவால்வர் கேட்ட அன்றுதான் அசந்தேன்.

"ரிட்டயர்டு போலீஸ்காரர் துப்பாக்கிண்ணே. இருபது வருஷம் இடுப்புல கிடந்த மாதிரி இருக்கணும். நாளைக்கு ஷூட்டிங்."

லான்மடாவ் பொம்மைக் கடையில் புதுசு கிடைத்தது. பிளாஸ்டிக், பளபளப்பு, முனையில் சிவப்பு மூக்கு. பசுந்தாங்கில் பழசு இருந்தது. எங்கள் தொழிலிலிருந்து ஓய்ந்த பெரியவர் ஊ தௌங் அதைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார். இரும்பு டம்மி, குழலில் ஈயம் அடைத்தது. சிலிண்டரைச் சுற்றினால் கிளிக் கிளிக் என்றது. விலையும் பாதிதான்.

"ஏன் சயா இவ்வளவு மலிவு?" என்றேன், வாத்தியார் என்கிற மரியாதையில்.

"இது வீட்டுல இருக்கறதால எனக்குத் தூக்கமே வரல. எடுத்துட்டுப் போப்பா, நல்லா இருப்பே."

போட்டாதாங் கிடங்கில் ஷூட்டிங். நான் பஸ்ஸில் போகிறவன். வழியில் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். 'இது டம்மிங்க' என்று நான் சொல்லி முடிக்கும்வரை, அசல் துப்பாக்கியோடு எதிரே நிற்பவர் பொறுத்திருப்பாரா? அசல் மாதிரி இருப்பதையே தேடித் தேடி வாங்கிப் பேர் எடுத்தவன், அன்று பார்த்தவுடன் போலி என்று தெரிவதை வாங்கினேன்.

மறுநாள் பையைத் திறந்தவர் சிரித்துவிட்டார். "பேரனுக்கா?"

"ஆமாங்க" என்றேன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

பீட்டர் சிரிக்கவில்லை. "இதைக் காட்டினா வில்லனே சிரிப்பாண்ணே!"

"சோதனையில நின்னவரு சிரிச்சதாலதான் நான் வந்து சேர்ந்தேன் தம்பி."

"பெயிண்ட் அடிச்சுப் பழசாக்குங்க" என்று ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"ஆக்கலாம். சாயங்காலம் நீங்க எடுத்துட்டுப் போறீங்களா?"

பீட்டர் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்தார். கிடங்கில் விட்டுப்போகவும் வழியில்லை. "துப்பாக்கின்னு வாயால சொல்லாதீங்க, எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடணும்" என்று கிடங்குக்காரர் முன்பே கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

மேக்கப் போடும் மா கின் குறுக்கே வந்தாள். "மனுஷன் மூஞ்சியையே கிழடாக்குறேன், இது எனக்குப் பெரிசா?" கன்னத்துக்குப் பூசும் தனக்கா விழுதில் விளக்குக் கரியும் காப்பித் தூளும் குழைத்துத் தடவினாள். பத்து நிமிஷத்தில் இருபது வருஷம் ஏறிவிட்டது.

"இதைத்தாண்ணே கேட்டேன்!" என்றார் பீட்டர்.

சாயங்காலம் குழாயடியில் சோப்பும் பல்துலக்கும் பிரஷும் வைத்து, சிவப்பு மூக்கு தெரியும்வரை தேய்த்தேன். ஷூட்டிங் நடந்த ஏழு நாளும் இதே கூத்து. காலையில் பழசு, மாலையில் புதுசு. கடைசி நாள் சிலிண்டர் இடுக்கில் கொஞ்சம் கரி நின்றுவிட்டது. அது போகும்வரை இரண்டு பஸ்ஸை விட்டேன்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் கேட்கிறார்கள், எதை வாங்கலாம் என்று. காமிரா முன்னால் சாமான் எப்படி இருக்கும் என்று பார்க்க டைரக்டர் இருக்கிறார். வீட்டுக்குப் போகிற வழியில் எப்படி இருக்கும் என்று நாம்தான் பார்க்கவேண்டும்.