சேற்றில் நின்ற ஸ்கூல் பஸ் ஆன்டி

மலேசியாவில் கிள்ளானை அடுத்த பண்டமாரானில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டும் புனிதா, புதிதாகத் திறந்த பேரங்காடியின் அதிர்ஷ்டக் குலுக்கலில் ஆசைப்பட்டது மூன்றாம் பரிசான ரைஸ் குக்கருக்கு. விழுந்ததோ முதல் பரிசு. நான்கு மீட்டர் நீளத்தில் ஆரஞ்சு நிறக் கயாக் படகு, துடுப்போடு.

"ரைஸ் குக்கரா மாத்திக் குடுங்களேன் பாஸ்" என்று பரிசு கொடுத்தவரிடம் கேட்டாள்.

"முதல் பரிசு விழுந்தவங்களுக்கு மூணாவது குடுக்க முடியாது ஆன்டி. ரூல்ஸ் லா."

வீடு ஏழாவது மாடியில். லிஃப்டுக்குள் படகு பாதிதான் போனது. மாடிப்படியில் தூக்கிப் போனால் இரண்டாவது வளைவிலேயே சிக்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பேருந்தின் கூரைமேல் கட்டி வைத்தாள். பதினோரு நாள் பிள்ளைகள் படகுக்கு அடியில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு பிள்ளையின் அம்மாவான ரஞ்சனி கண்கலங்கப் புனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெள்ளம் வந்தா பிள்ளைங்கள காப்பாத்தத்தானேக்கா இது? உங்கள மாதிரி யாரு இருக்கா!"

"ஆமாம்மா" என்று புனிதாவின் வாய் சொல்லிவிட்டது.

மாலைக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. ஒருவர் தன் மகனுக்குப் படகில் முன் இருக்கை கேட்டிருந்தார். பேருந்தில் முப்பத்தொரு பிள்ளைகள். படகில் ஒரே இருக்கை. ரஞ்சனி கடைசியாக ஒன்று எழுதியிருந்தாள்: "அக்காவுக்கு ஓட்டத் தெரியும்தானே?"

இப்படித்தான் ஐம்பத்திரண்டாம் வயதில், நீச்சலே தெரியாத புனிதா, யூடியூப் காணொளிகளைப் பார்த்துப் படகோட்டக் கிளம்பினாள். கணவர் ராதாகிருஷ்ணனுக்குப் பழுதான வண்டிகளை இழுத்துச் செல்லும் தொழில். "ரோட்டுல எது கவுந்தாலும் இழுத்துருவேன். தண்ணியில கவுந்தா என்னைக் கூப்பிடாத" என்று சொல்லியபடியே உயிர்காப்பு அங்கியின் வார்களை மூன்று தடவை இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த சிறிய படகுத்துறையில் இறங்கினாள். முதல் கால்மணி நேரம் படகு ஒரே இடத்தில் சுற்றியது. பிறகு எப்படியோ நேரானது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளை இடப்பக்கம் விட்டுவிட்டு, சதுப்புமரங்களுக்கு இடையே புகும் ஓர் ஓடைக்குள் நுழைந்தாள். வேர்களில் ஒரு குளிர்சாதனப் பெட்டி சிக்கியிருந்தது. அதன் மேல் கொக்கு ஒன்று நின்றது. ஓடை இரண்டாகப் பிரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக, யாரையும் ஏற்றவோ இறக்கவோ இல்லாமல், திரும்பத் தோன்றியதால் மட்டுமே அவள் ஒரு பக்கம் திரும்பினாள். நெஞ்சு லேசாகிவிட்டது.

கடல் வற்றும் என்பதை மட்டும் எந்தக் காணொளியும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பத்தரை மணிக்குத் தண்ணீர் வடிந்துகொண்டே போய், படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நேர் எதிரே கால்நட்டுக் கட்டிய ஒரு கடலுணவு உணவகம். இருபது பேர் நண்டு உடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

"ஆன்டி, எறங்காத! இடுப்பு வரைக்கும் சேறு!" என்று கடைக்காரச் சீனர் தமிழில் கத்தினார். "தண்ணி அஞ்சு மணிக்குத்தான் வரும்."

புனிதா கணவரைக் கைபேசியில் அழைத்தாள். பதினைந்து நிமிடத்தில் ராதாகிருஷ்ணனின் லோரி வந்தது. அவருடைய இரும்புக் கயிறு முப்பது மீட்டர். மனைவி இருந்தது முப்பத்தைந்தில். நான்கு முறை வீசினார். நான்கு முறையும் ஐந்து மீட்டர் முன்னால் சேற்றில் புதைந்தது. ஐந்தாம் முறை கயிற்றோடு அவரும் போயிருப்பார். இரண்டு பரிசாரகர்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் சோற்றுப் பொட்டலம் ஒன்றை வீசினார். அதைக் குரங்கு எடுத்துப் போனது. இரண்டாவது பொட்டலம் படகுக்குள் விழுந்தது. "மிளகாய்ச் சம்பல் வேணுமா?" "வேணாம் பாஸ், போதும்."

சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தோடு வந்து இறங்கினாள் ரஞ்சனி.

"அக்கா! ட்ரெயினிங்கா?"

புனிதா வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். "ஆமாம்மா. சேத்துல எப்படி நிக்கிறதுன்னு."

ரஞ்சனி படமெடுத்து அனுப்பினாள். குழுவில் நாற்பது கைகூப்பல்கள் வந்தன.

ஐந்தேகாலுக்குப் படகு மெல்ல அசைந்து மிதந்தது. உணவகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். "இங்க வா! நேரா வா!" என்று ராதாகிருஷ்ணன் இரண்டு கைகளையும் ஆட்டினார்.

புனிதா அவரைப் பார்த்தாள். பிறகு ஓடையைப் பார்த்தாள். "ஏங்க, அந்த வளைவுக்கு அப்பால என்ன இருக்குன்னு பாக்கல. பாத்துட்டு வந்துர்றேன்."

"பைத்தியமா உனக்கு?"

அவள் துடுப்பை வலித்தாள். வளைவுக்கு அப்பால் அகன்ற நீர்வெளியும் தொலைவில் தீவுகளும் இருந்தன. ஒரு ரோந்துப் படகும் இருந்தது. சீருடை அதிகாரி உரிமம் கேட்டார். கயாக்குக்கு உரிமம் உண்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கழுத்தில் தொங்கிய பேருந்து ஓட்டுநர் உரிமத்தைக் கழற்றி நீட்டினாள். அவர் இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். "அடுத்த மாசம் முடியுது அக்கா. மறக்காம புதுப்பிங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு, சல்யூட் அடித்துப் போனார்.

அதன்பின் ஞாயிறு தவறாமல் போகிறாள். இதுவரை ஒன்பது ஓடைகளை முடித்திருக்கிறாள். பத்தாவதில் முதலை இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே வாரநாளில் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை முதலைக்கும் ஓய்வாக இருக்கட்டுமாம்.