ஊசி போட்ட மறுநாள்

என் பேரு பெரியம்மாள், ஊரு நைனார்பாளையம். மணிமொழியக் கண்டா எனக்கு ஆவாது. ஏன்னு கேக்குறீங்களா? ரெண்டு பேரும் ஜவ்வரிசி செய்யுற சேகோ பேக்டரியில மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுறோம். நான் பதினெட்டு வருஷமா சீவுறேன், அவ வந்து ஆறு வருஷம்தான் ஆவுது. ஆனா கல்வராயன் மலையிலருந்து லோடு வந்து கொட்டுனா, முதல் இடத்துல குந்துறது அவதான். பெரிய பெரிய கிழங்கெல்லாம் அங்கதான் வுழும், கூடை சட்டுனு நிறையும். கூலியும் கூடைக் கணக்குலதான். நான் ஒண்ணு சீவுறதுக்குள்ள அவ மூணு சீவிப் போட்டுடுவா. அந்தக் கையப் பாத்துப் பாத்தே என் வயிறு எரிஞ்சி போச்சி.

போன மாசம் ரெண்டு பேருக்கும் ஒரே கேடு. கத்தி புடிக்கிற கையில விரலெல்லாம் மரத்துப் போவுது. மணிக்கட்டுல நரம்பு அமுங்கிக் கெடக்குது, ஸ்டீராய்டு ஊசி போட்டா கேக்கும்னாரு டாக்டரு. ரெண்டு பேருக்கும் ஒரே நாளுல ஊசி. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ஸுல தொங்கிக்கினு போனேன். அவள அவ வூட்டுக்காரரு பைக்குல குந்த வெச்சிக் கூட்டிக்கினு வந்தாரு. என் வூட்டுக்காரரு பாவாடை இருக்காரே, எந்தக் கையில ஊசின்னு கூட கேக்கல.

ஊசி போட்டதும் அவ வெளிய போயிட்டா. நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு மூணு நாளு வலி ஜாஸ்தியா இருக்கும், பயப்படாதீங்க. ஐஸ் வெய்ங்க, வேலை செய்யாதீங்க, தானா கொறஞ்சிடும். அவங்ககிட்டயும் சொல்லிடுங்க"ன்னாங்க. சரின்னு தலையாட்டுனேன். வெளிய வந்தா, அவ வூட்டுக்காரரு எளநீர வெட்டி அவ வாயில வெச்சிக்கினு இருந்தாரு. எனக்குச் சொல்லவே வாய் வரல.

மறுநாள் காலையில கை தீயா எரிஞ்சிது. மரத்துப்போன கையே தேவலாம்னு ஆயிடுச்சி. ஐஸ்கட்டியத் துணியில சுத்தி வெச்சிக்கினு இருக்கேன், போன்ல அவ.

"அக்கா, கைய அசைக்கவே முடியல. உனக்கு எப்படிக்கா இருக்குது?" அழுவுறா.

"எனக்கு இன்னா? ஜம்முனு இருக்குது"ன்னேன். பல்லக் கடிச்சிக்கினுதான் சொன்னேன்.

மத்தியானம் வூட்டுக்கே வந்துட்டா, கத்தியோட. நாங்க கிழங்கு சீவுற கொட்டாயில ஒரு வழக்கம். முதல் இடத்துக்காரி வேலைய வுட்டா, அவ கத்திய யாருகிட்ட குடுக்குறாளோ அவளுக்குத்தான் அந்த இடம். மேஸ்திரி கூட குறுக்க பேச மாட்டாரு.

"எனக்கு ஊசி ஒத்துக்கல. என் கை போச்சிக்கா. உன் கைதான் தேறிடுச்சே, நீ குந்திக்க"ன்னு கத்திய நீட்டுனா.

ஆறு வருஷமா நான் ஏங்குன இடம். அவ கண்ணுல தண்ணி நிக்குது, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம், பொய் சொல்லக் கூடாது. ஆசையா கைய நீட்டி வாங்குனேன். விரலு மடங்கல. கத்தி வுழுந்துது, நான் அய்யோ அம்மான்னு கத்திட்டேன்.

அவ என் மணிக்கட்டப் புடிச்சிப் பாத்தா. வீக்கம் அவளுக்கு இருந்தத விட எனக்குத்தான் ஜாஸ்தி. அதுக்கப்புறம் எங்க மறைக்கிறது? நர்ஸம்மா சொன்னதெல்லாம் சொல்லிட்டேன்.

"அப்ப என் கை போவலியா?"ன்னு மொதல்ல சிரிச்சா பாவி. அப்புறம்தான் அவளுக்கு உறைச்சிது.

"காலையில நான் அழுதனே, அப்பவே உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்"னேன்.

கத்திய எடுத்துக்கினு போயிட்டா.

நாலாம் நாளு வலி போன எடம் தெரியல, ரெண்டு பேருக்குமே. அவ மறுபடியும் முதல் இடத்துல குந்திட்டா, கை முன்ன விட வேகம். அதைக் கூட தாங்கிக்குவேன். முன்னெல்லாம் சோத்து டப்பாவத் தொறந்தா "வாக்கா"ன்னு என்னைத்தான் கூப்புடுவா, நான்தான் மூஞ்சத் திருப்பிக்குவேன். இப்ப எழில்மதியக் கூப்புடுறா. ஒரே டப்பாவுல கைய வெச்சி ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு துண்றாளுங்க. நேத்து வேலைக்கு வந்தவ அந்த எழில்மதி! எனக்குச் சோறு எறங்கல.