ரமாபாயின் விரல்முட்டி

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, போட்ட நாற்காலியில் உட்காராமல், நீட்டிய காபியையும் வாங்காமல், ரமாபாய் முதல் வேலையாகத் தன் புருஷனைத் திரையில் ஏற்றுகிறார்.

கம்ப்யூட்டர் திரையில் அவர் புருஷன் சின்னப்பையன் வருகிறார். கட்டம்போட்ட கைலி, பனியன், பின்னால் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணி. கொக்கியில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார். அந்த அடி கண்ணுக்குத் தெரிகிற நொடியில் ரமாபாய் நடுவிரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். ஸ்பீக்கரில் வரும் ‘டைங்’கும் அவர் தட்டும் சேர்ந்து ஒரே சத்தமாகக் கேட்டால், “ஒண்ணா கீது” என்பார். இரண்டு சத்தம் கேட்டால் கண் சுருங்கும். “இன்னாடா பேஜாரு உனுக்கு?” என்று கம்ப்யூட்டரை விசாரிக்கத் தொடங்குவார்.

இது என்ன வேலை என்று கேட்பீர்கள். சினிமாவுக்குப் பின்னணி இசை போடுகிறவர்கள் இப்போது படத்தையே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து, இசை சாஃப்ட்வேரில் ஒரு மூலையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். ஓடினால் நல்லதுதான். ஓடித் தொலைத்தால்தானே! ஒரு நாள் வெறும் கறுப்புக் கட்டம் தெரியும். ஒரு நாள் வசனம் கேட்கும், ஆளைக் காணோம். ஒரு நாள் கதாநாயகன் வாயைப் பிளந்தபடி நின்றுவிடுவான், வாத்தியம் மட்டும் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த மாதிரி நாட்களில் வடபழனியிலிருந்தும் சாலிகிராமத்திலிருந்தும் திருவொற்றியூருக்குப் போன் வரும். ரமாபாய் ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்.

வடசென்னை என்றால் அரிவாளும் அழுக்கும் என்று படமெடுத்துத் தள்ளுகிறார்களே, அந்தப் படங்களில் இசை ஒட்டி நிற்பதற்கே எங்கள் தெருவிலிருந்து ஒரு அம்மா போகவேண்டியிருக்கிறது. இதை எங்கேயாவது எழுதிவிட வேண்டும் என்று எனக்கு வெகுநாளாகவே ஆத்திரம். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன், எழுதாமல் விட்டால் எனக்குத்தான் அசிங்கம்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்தவர். அப்பா மில் தொழிலாளி. அரசியல் சட்டம் எழுதிய அண்ணலின் மனைவி பெயரைத்தான் மகளுக்கு வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று வைத்தாராம். பெரம்பூரில் டைப்ரைட்டிங் கூடவே கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்த ஒரு நிலையத்தில் படித்து, அங்கேயே சொல்லிக்கொடுத்து, அப்புறம் வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரில் கணக்கு அடிக்கப் போனார். அங்கே ஒரு நாள் படம் நின்றுபோனது. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, “தள்ளிக்கோ, இன்னான்னு பாக்கறேன்” என்று இவர் உட்கார்ந்ததில் தொடங்கியதுதான் இந்தப் பிழைப்பு.

பைக்குள் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கும். மதியச் சோறு என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனையும் சி.டி. கடல்காற்று படாமல் இருக்க அதுதான் தோதாம். சி.டி.க்களுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழி ரப்பர் ஒன்றும் கிடக்கும். உப்புக்காற்றில் கம்ப்யூட்டரின் உள்பாகங்களில் பாசி மாதிரி ஏறிவிடுவதை அந்த ரப்பரால் தேய்த்து எடுப்பார். “எண்ணூரு காத்து இரும்பையே துன்னும். இது இன்னா, துக்காணி தகடு!” என்பார்.

சின்னப்பையன் பெரம்பூர் ரயில் பட்டறையில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். அவர் தண்டவாளத்தை அடிக்கும் அந்தச் சிறு படம் ஊரில் இருக்கிற எல்லா ஸ்டூடியோக்களிலும் ஓடியாயிற்று. ஒரு தடவை மனைவி மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வடபழனிக்குப் போயிருக்கிறார். கதவைத் திறந்த வயலின்காரர் “அண்ணே, நீங்களா!” என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்களாம். மனுஷன் மிரண்டுபோய்க் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டார். “இன்னா சினிமா ஸ்டாரு, சோறு போடவா?” என்று ரமாபாய் இன்றைக்கும் அவரைச் சீண்டுகிறார்.

அடக்கமா? அது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. “என் கைக்கு வந்தா எது ஓடாது, சொல்லேன் பாப்போம்” என்று பஸ்ஸில் கண்டக்டரிடமே சவால் விடுகிற ஜாதி. பேச்சையும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளமாட்டார். ஒரு ஸ்டூடியோவில் ஒரு கீபோர்டுக்காரன், அவர் ‘கீது’ என்றபோதெல்லாம் சினிமாக் காமெடியன் மாதிரி ‘கீது, கீது’ என்று ராகம் போட்டிருக்கிறான். ரமாபாய் டிபன் பாக்ஸை மூடினார். “நா பேசறது சிரிப்பா கீதில்ல? சிரிச்சிகினே இரு, படம் தானா ஓடும்” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். மறுநாள் அந்தப் பையன் எங்கள் தெருமுனையில் நின்று வீடு விசாரித்துக்கொண்டிருந்தான். நான்தான் வழிகாட்டினேன். வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றவிட்டுத்தான் காட்டினேன்.

இந்தக் கோடையில், தண்ணீர் லாரிக்குத் தெருவே குடத்தோடு நின்ற ஒரு காலையில், ராயபுரத்திலிருந்து அருள்பிரகாசம் வந்தான். மாதா கோயிலில் சின்ன வயதிலிருந்து கீபோர்டு வாசிக்கிறவன். இவன் விரலைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே ஊரே பாடும். அவனுக்கு இது முதல் படம். மீன் ஏலக்கூடத்தில் கதாநாயகி எல்லோருக்கும் முன்னால் வில்லனைக் கன்னத்தில் அறைகிற காட்சி. அதற்கு முன்னால் சத்தமே கிடையாது, கடல்கூட அடங்கிவிடும். அறை விழுகிற அதே நொடியில் ஒற்றை மேள அடி விழும்படி ஏற்கனவே வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிந்துவைத்திருந்தான். முந்தைய நாள் டைரக்டர் வந்து பார்த்தபோது மேளம் முதலில் அடித்தது, அறை பிறகு விழுந்தது. வில்லன் அடி வாங்குவதற்கு முன்னாலேயே மேளத்துக்குப் பயந்த மாதிரி நின்றான். டைரக்டர் சிரித்துவிட்டார். “தம்பிக்குத் தாளம் நிக்கலியே” என்று சொல்லிவிட்டு, நாளை நான்கு மணிக்குத் தயாரிப்பாளரோடு வருகிறேன், அப்போதும் இப்படி இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்.

“எனுக்குத் தாளம் நிக்கலியாம்க்கா” என்றான். படம் போவதைவிட அந்தச் சொல்தான் அவனை அறுத்தது.

“நா வரேன். தாளம் யாருக்கு நிக்கலன்னு பாத்துர்லாம்” என்றார் ரமாபாய். நானும் தொற்றிக்கொண்டேன்.

ராயபுரத்தில் மாடியறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகக் கிரேன்கள். அறைக்குள் எல்லாம் புதிதாக இடம் மாறியிருந்தது. தயாரிப்பாளர் நீலமேகம் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருப்பவர். அவரும் படம் எடுப்பது இதுதான் முதல் தடவை. போன வாரம் ஒரு வாஸ்துக்காரரை அழைத்துவந்து மேசையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பியிருந்தார். படம் ஏற்றிய ஹார்ட் டிஸ்க் கையடக்கமான தனிப் பெட்டி. அதுதான் செல்வம், குபேர திசையில்தான் இருக்கவேண்டும் என்று வடக்குச் சுவர் அலமாரியில் வைத்து, குங்குமமிட்டு, பூ சாத்தி, படம் முடிகிறவரைக்கும் அசைக்கக்கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார்.

ரமாபாய் வழக்கம்போலச் சின்னப்பையனைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினார். டைங். முட்டி. ஒரே சத்தம். “ஒண்ணா கீது” என்று நிமிர்ந்தார். பிறகு படத்தை ஓடவிட்டார். மேளம் வந்து வெகுநேரம் கழித்து அறை விழுந்தது.

“மிஷின்ல ஒரு கொறையும் இல்ல. படத்த ஏத்திக் குடுத்தவன் கோளாறா ஏத்திகீறான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா? கோடம்பாக்கத்தில் படத்தை ஏற்றிக் கொடுத்த ஞானம் என்பவரைப் போனில் பிடித்து, “துட்டு வாங்கிகினு இன்னா கலீஜ் வேல பண்ணிகீற நீ?” என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். ஞானம் தன் இடத்தில் அதே படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, இங்கே அறையும் வசனமும் அச்சாக ஒட்டுகின்றன என்று சத்தியம் செய்தார். “உதார் வுடாத” என்று போனை வைத்தார் ரமாபாய். அப்புறம் சாஃப்ட்வேரைக் குடைந்தார், ரப்பரால் தேய்த்தார், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். மதியம் கழிந்துவிட்டது. அறை மட்டும் அதே போலத் தாமதமாகத்தான் விழுந்தது.

அப்போதுதான் ரமாபாய் நாற்காலியில் உட்கார்ந்து நான் முதன்முறையாகப் பார்த்தேன். அருள்பிரகாசம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனை பெருமை பேசி எழுத வந்தோம், இங்கேயா இந்த அம்மா தோற்கவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

திடீரென்று எழுந்து, படீரென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டார். “அட லூசே! எங்க வூட்டுக்காரர வூட்டுக்குள்ள வச்சிப் பாத்துகினு கீறேன். படம் வெளில இல்ல குந்திகினு கீது!”

சின்னப்பையனின் படத்தை அந்தக் குங்குமப் பெட்டிக்கு மாற்றி, அங்கிருந்து ஓட்டினார். ‘டைங்’ வந்துவிட்டது. அதன் பிறகுதான் சின்னப்பையனின் கை இறங்கியது. கட்டிய புருஷனே திரையில் தாளம் தப்பிவிட்டார். ரமாபாயின் விரல் எட்டி, பெட்டியிலிருந்து வரும் வயரைப் பிடித்தது. ஒல்லி வயர். சுவரோரமாக நெளிந்து நெளிந்து கம்ப்யூட்டருக்கு வந்தது.

“தம்பி, இதுக்கு ஒரு கொயுத்த வயர் குடுத்திருப்பாங்களே, எங்க அது?”

“அது நீளம் கம்மிக்கா. பெட்டிய அலமாரில வச்சப்போ எட்டல. அதான் இத்த மாட்டுனேன். ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணா? லாரித் தண்ணிய குளுக்கோஸ் டியூப்ல புடிக்கிற மாரி கீது நீ பண்ணது! படம் வரத்துக்குள்ள பாட்டு ஊரு போய் சேந்துரும்.” திட்டிக்கொண்டே போனை எடுத்தார். “ஞானம் நைனா, நாந்தான் தப்பு. ஒன் மேல வாய வுட்டுட்டேன். மனசுல வச்சிக்காத.” அதைக்கூடத் தலை நிமிர்ந்துதான் சொன்னார்.

“பெட்டியக் கீழ எறக்கிடலாம்” என்றேன் நான்.

அருள்பிரகாசம் பதறிவிட்டான். “ஐயோ அண்ணே, நீலமேகம் சார் கையால வச்சது. அசைச்சா அதுக்கே என்னத் தூக்கிடுவாரு.”

ரமாபாய் அலமாரியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். “பெட்டியத்தான அசைக்கக் கூடாதுன்னாரு? கம்ப்யூட்டர அசைக்கக் கூடாதுன்னு சொல்லலியே. புடி.”

பிடித்தோம். மேசை, கம்ப்யூட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வடக்குச் சுவருக்கு இழுத்தோம். என் இடுப்பு அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. கொழுத்த வயர் இழுத்துக் கட்டிய மாதிரி விறைப்பாக எட்டியது. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் வந்துவிட்டது.

டைரக்டருக்கு முன்னால் நீலமேகம் நுழைந்தார். நுழைந்தவர் நின்றுவிட்டார். “இன்னாப்பா இது? எல்லாம் வடக்கப் பாத்து கீது?”

ரமாபாய்தான் பேசினார். “குபேரர் அந்தப் பக்கம்தான சார் கீறாரு? அவர ஏன் இயுத்து வரணும், நாமளே அவராண்ட போய்ட்டோம். பெட்டிய யாரும் தொடல. நீங்க வச்ச பூவு வச்ச மாரியே கீது, பாருங்க.”

நீலமேகம் அலமாரியைப் பார்த்தார். குங்குமம் கலையவில்லை. “அதுவும் சர்தான்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “உனுக்கு நம்பிக்க கீதாம்மா இதுல?” என்று கேட்டார்.

“எனுக்குக் குபேரர்லாம் தெரியாது சார். வயரு எவ்ளோ எட்டும்னு தெரியும்.”

அவர் சிரித்துவிட்டார். டைரக்டர் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, “போடு” என்றார்.

அருள்பிரகாசம் ரமாபாயின் காதருகில் வந்தான். “நா திரையப் பாக்கமாட்டேன்க்கா. முடியாது. படத்துல அற விழும்போது நீங்க தட்டுங்க. ரெண்டு சத்தம் கேட்டா எனுக்கே தெரிஞ்சிடும்.” ஓடவிட்டு, கீபோர்டின் மேல் கைகளை மடித்து, முகத்தை அதில் கவிழ்த்துக்கொண்டான்.

ரமாபாய் வாசற்பக்கம் வந்து என்னருகில் நின்றார். பை தோளில் இருந்தது. வலது கை, திறந்திருந்த மரக்கதவின் மேல் உயர்ந்து நின்றது. திரையில் ஏலக்கூடம். சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. மீன்காரிகள் வாயை மூடினார்கள். கடல் நின்றது. கதாநாயகி கையை ஓங்கினாள்.

அறை விழுந்தது. ரமாபாயின் முட்டி கதவில் இறங்கியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். தட்டிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மேளம் ஒன்றுதான் கேட்டது.

அருள்பிரகாசம் தலையை நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தான். ரமாபாய் சிவந்துபோன விரல்முட்டியை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.