என் பெயரில் ஒரு முழங்கால்

பிலோமினா போய்விட்டாள் என்று நம்மோடு ஆடிய சாந்தி போனில் சொன்னபோது நான் சிதம்பரம் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். "ராஜி, மொதல்ல உக்காரு, சொல்றேன்" என்றாள். பிலோவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முந்தின நாள் மாலைகூட என்னோடு பேசினாள். காலையில் மூச்சு வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். யார் மேலும் தப்பில்லை, சிலருக்கு இப்படி ஆகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னாராம். நானும் அதையே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். நம்ப முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அவளோடு ஆடிய உங்களுக்கு அவளை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2004இல் சிதம்பரத்தில் கல்லூரிக் கூடைப்பந்து அணித் தேர்வுக்கு வந்த அன்று, செம்மண்டலத்துப் பெண்ணான அவள், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்த என்னைக் குனிந்து பார்த்து, "நீ ஸ்கோர் எழுத வந்தியா?" என்று கேட்டாள். எனக்கு ஐந்தடிகூட முழுதாக இல்லை. "இல்ல, உனக்குப் பந்து குடுக்க வந்தேன்" என்றேன். அதற்குப் பிறகு எட்டு வருடம் அதைத்தான் செய்தேன். ரிங்கில் பட்டு எகிறும் பந்தை அவளைப்போல் பிடித்த ஒருத்தியை நான் பார்க்கவில்லை. "எகிறுன பந்துக்குச் சொந்தக்காரங்க கெடையாதுடி. எவ மொதல்ல குதிக்கிறாளோ அவளுது" என்பாள்.

அந்தக் குதிப்புதான் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. எங்கள் இருவரையும் ஒரே துறை அணிக்கு எடுத்தார்கள். காலையில் அலுவலகம், மாலையில் மைதானம். இரண்டு வருடம் ஆடிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம். இடையில் ஆட முடியாமல் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா தையல் மெஷினை மிதித்து அவளை வளர்த்தவர். "ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் அம்மாகிட்ட இது வேலைன்னே சொல்ல மாட்டேன்டி" என்பாள்.

ஏழாவது மாதம் பயிற்சியில் ஒரு பந்துக்குக் குதித்து இறங்கியவள் இன்னொருத்தியின் ஷூ மேல் கால் வைத்தாள். 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. அவள் உடனே எழுந்து, சிரித்துக்கொண்டே ஷூ லேஸைக் கட்டினாள். கட்டி முடித்தும் நிமிரவில்லை. "சொல்லிடாதடி" என்றாள், தரையைப் பார்த்தபடி.

நான் பயந்தவள். என்னை அறிந்தவர்களுக்கு அது தெரியும். போன் மணி அடித்தாலே பக்கத்தில் இருப்பவளை எடுக்கச் சொல்வேன். ஆனாலும் ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று கடலூருக்கு அவளை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். சீட்டில் எழுதப் பெயர் கேட்டார்கள். பிலோமினா என்று எழுதினால் எப்படியாவது வெளியே தெரிந்துவிடும் என்று அவள் பின்வாங்கினாள். "அப்ப எம்பேர போடு" என்றேன். அப்படித்தான் அவளுடைய இடது முழங்கால் என் பெயரில் படமானது. ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து ஒரு வருடம் ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் என் பெயரைச் சொல்லி அவளிடம் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்து, வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆட இறங்கினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு க்ரீப் பேண்டேஜ் சுற்றிவிடுவது என் வேலை. நடக்கும்போது எப்போதும் நான் அவள் இடது பக்கம். அவள் என் தோளில் கை போட்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்குச் சினேகம், எனக்கு மட்டும் அவள் உடம்பின் பாதி எடை. "என்னம்மா, ஒட்டிப் பொறந்ததுங்களா?" என்று கோச் சார் கேலி செய்வார். நீங்களும் எவ்வளவு கேலி செய்தீர்கள்! அவள் சிரிப்பாள். நான் படி வருகிறதா, பள்ளம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கோச் சார் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். ஸ்கேன் எடுத்த இடத்தில் வேலை பார்த்தவர் அவருக்குத் தெரிந்தவர் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

"ராஜி, ஒனக்கு ஜவ்வு கிழிஞ்சிருக்காமே. ஏம்மா மறைச்ச?"

எனக்கும் அதே இரண்டு வருடக் கெடுதான். "உக்காந்து எந்திரி" என்றார். பத்து முறை உட்கார்ந்து எழுந்தேன். குதித்தேன். மைதானத்தை ஒரு சுற்று ஓடிக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "அப்ப அந்தப் படம் யாருதும்மா?"

பின்னால் பிலோ தட்டிக்கொண்டிருந்த பந்தின் சத்தம் நின்றுவிட்டது. திரும்பினால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் திரும்பவில்லை. "பேரு மாறிப் போயிருக்கும் சார்" என்றேன். அவர் என் முதுகில் தட்டி அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்கவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆர்டர் வந்தது. அவள் அம்மா எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். இனி ஆடாவிட்டாலும் வேலை போகாது. ஆபரேஷன் செய்துகொள் என்றேன். "இந்த ஒரு டோர்னமெண்ட்டுடி" என்றாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வருடமும். நான் கத்தினால், "உனுக்குப் பயம் ஜாஸ்திடி" என்று என் தலையில் குட்டுவாள். வேலைக்காகத்தான் மறைக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. குதிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. இது தெரிந்த பிறகும் நான் பேண்டேஜ் சுற்றிக்கொண்டுதான் இருந்தேன்.

2011 கடைசியில் தானே புயல் அடித்துச் சில மாதம் கழித்து, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்த முட்டி மடங்கிக் கீழே விழுந்தாள். அன்று என்று பார்த்து நான் லீவு. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பஸ்ஸில் விழுந்ததால் வந்த அடி என்றுதான் அம்மாவிடம் சொன்னாள், உங்களிடமும் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்னால், "ஆறு மாசம் கழிச்சு வந்து குதிக்கிறேன் பாரு" என்றாள்.

கடலூரில் அவள் சவப்பெட்டியை நாமே தூக்குவோம் என்று சாந்தி கேட்டு, பங்குத் தந்தையும் சரி என்றார். நான் வழக்கம்போல் இடது பக்கம் போய் நின்றேன். நீங்கள் எல்லோரும் உயரம். பெட்டி உங்கள் தோள்களில் ஏறிவிட்டது. என் தோளில் படவேயில்லை. நான் கையை மட்டும் உயர்த்தி அடிப்பலகையைத் தொட்டுக்கொண்டு கல்லறை வரை நடந்தேன்.

ஏழாம் நாள் செம்மண்டலம் போனேன். அவள் அம்மா பிலோவின் துணிப்பெட்டியை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்தார். அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இது உன்னுது போலக்குதும்மா. உம்பேரு போட்டிருக்கு. இவகிட்ட எப்படி வந்துது?"

நான் வாங்கிக்கொண்டேன்.

"உனுக்கும் முட்டியில நோவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? ஆபரேஷன்லாம் வாணாம்மா. நான் சொல்றத கேளு. ஆட்டத்த உட்டுடு."

சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது முழங்காலை இரண்டு கையாலும் மெல்லப் பிடித்துவிட ஆரம்பித்தார். அதற்கு ஒன்றுமே இல்லை. பத்து முறை உட்கார்ந்து எழும் முழங்கால். "இங்கியா வலிக்குது?" என்று கேட்டுக் கேட்டு அழுத்தினார். ஆமாம் என்றேன்.

கோச் சார், அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன்: அந்தப் படம் பிலோவினுடையது. உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவள் அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதிலும் என் பெயர் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் முழங்காலில் இருந்திருக்க வேண்டியவை அந்த அம்மாவின் கைகள். நான் என் முழங்காலைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.