தங்கச்சி கொண்டுபோன கூழ்

லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் இறந்த பிறகு, என் தங்கை கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் எச்.ஐ.வி. இருப்பதாக ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்தது. குழந்தைக்கு இல்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன். கல்பாக்கம் பக்கம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அந்தச் சீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது பயம் மட்டும்தான். மறுநாளே அவளுடைய தட்டிலும் டம்ளரிலும் அடிப்பக்கம் பச்சை எனாமலில் ஒரு பொட்டு வைத்தேன். அவள் பார்த்தாள். இரண்டு வருடம் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டாள்.

ஒரு நாள் மீன் விற்கும் அக்கா வெயிலில் களைத்து வந்து, எங்கள் வாசலில் குடத்தின் பக்கத்தில் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டாள். பொட்டு வைத்த டம்ளர். யாரிடமும் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத நான், பாய்ந்து போய்ப் பிடுங்கினேன்.

"அது வேணாங்கா!"

தண்ணீர் அவள் புடவையில் கொட்டியது. தெருவே திரும்பிப் பார்த்தது. தங்கையின் கணவன் எப்படிச் செத்தான் என்று ஊருக்கு ஏற்கெனவே சந்தேகம். நான் அதை உறுதி செய்துவிட்டேன். அந்த வாரமே குழாயடியில் தங்கையின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள்.

அடுத்த முறை அவள் செங்கல்பட்டுக்கு மாத்திரை வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மாவிடம், தலையைக் குனிந்துகொண்டே பொட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே டம்ளரில் குடித்தாலும் இது வராது என்று அவர் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் தின்னர் தொட்டுப் பொட்டுகளைத் துடைத்தேன். அன்று அவள் தட்டில் இருந்த மீதிச் சோற்றை நான் சாப்பிட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அப்புறம் ஆடி வந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கேழ்வரகுக் கூழ் காய்ச்சி அம்மன் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாக் கூழையும் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலந்து, அதைத்தான் ஊரே குடிக்கும். யார் வீட்டுக் கூழ் எது என்று பிரிக்க முடியாது. கிளறி ஊற்றுவது வருடா வருடம் என் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

காலையில் புறப்படும்போது தங்கை சொன்னாள். "கூழு திரும்பி வந்துட்டா, நானும் பொண்ணும் எங்கியாவது போயிடுறோம்ணா. இந்த ஊர்ல இருந்து இன்னா பண்றது?"

கோயிலில் அவள் முறை வந்ததும் தர்மகர்த்தா கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, தங்கச்சி கூழ ஓரமா வைக்கச் சொல்லு. ஆத்தாளுக்குக் காட்டிட்டு வூட்டுக்கு எடுத்துகினு போவட்டும்."

அவள் கூழ்க்குடத்தை இறக்காமல் நின்றாள். நான் கரண்டிப் பிடியை இறுக்கிக்கொண்டு, அண்டாவைப் பார்த்தே பேசினேன்.

"போன ஆடியும் தங்கச்சி ஊத்துச்சு. அதுக்கு முந்தின ஆடியும் ஊத்துச்சு. அப்பவும் அதுக்கு இது இருந்துச்சு. எல்லாரும் குடிச்சீங்க. யாருக்கு இன்னா ஆச்சு?"

முன்னால் நின்ற ஒருவர் மெல்ல வயிற்றைத் தடவினார். மீன் விற்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா மச்சான், போன வருசம் குடிச்ச கூழு இப்பத்தான் வலிக்குதா?"

கூட்டம் சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடா சிரிக்கிற? அன்னிக்கு டம்ளர என் கையிலேர்ந்து புடுங்கினவன் நீதானே? நீ பயந்ததப் பாத்துதான் ஊரே பயந்துச்சு."

"ஆமாங்கா. தப்பு என்னுதுதான்," என்றேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொன்ன பிறகு எனக்கு எவரிடமும் வெட்கம் இருக்கவில்லை.

"ஊத்துடி," என்றாள் அக்கா. தங்கை தன் கையாலேயே ஊற்றினாள். தர்மகர்த்தா வாயைத் திறப்பதற்குள் நான் அடிவரைக்கும் விட்டுக் கிளறினேன்.

சிலர் காலிப் பாத்திரத்தோடு திரும்பிப் போனார்கள். தர்மகர்த்தாவும் போனார். அக்கா மீன் கழுவும் குண்டான் அளவுக்குப் பெரிய பாத்திரத்தை நீட்டினாள். "நிரப்பு. போறவங்க பங்கும் எனக்குத்தான்." அதைக் கேட்டு வரிசை நகர ஆரம்பித்தது. போனவர்களிலும் பாதிப் பேர் வந்து கடைசியில் நின்றுகொண்டார்கள். தர்மகர்த்தா வரவில்லை. அவர் மனைவி ஒரு தூக்குச் சட்டியோடு வந்து, "ரெண்டு கரண்டி போதும்பா," என்று நீட்டினார். நான் நாலு கரண்டி ஊற்றினேன்.

உச்சி வெயிலுக்கு அண்டா காலி. கரண்டியால் சுரண்டிப் பார்த்தேன், எங்களுக்கு ஒரு வாய் கூட மிஞ்சவில்லை. தங்கை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"வாண்ணா, வூட்டுக்குப் போயி உல வைக்கலாம். எனக்குப் பசிக்குது."